முன்பே எழுதிய ‘ஆம்’

பதுளைக்கு அப்பால் ஒரு தோட்டப் பாடசாலை. அங்குள்ள பத்துக் கணினிகளிலும் உபுண்டு. மென்பொருள் நிறுவ வந்த இளைஞருடன் நானும் சென்றிருந்தேன்.

மைக்ரோசொப்ட் எழுத்துருப் பொதியை நிறுவும்போது, உரிம நிபந்தனைகளை ஏற்கிறீர்களா என்று ஆங்கிலத்தில் ஒரு கேள்வி எழும். ‘ஆம்’ என்னும்வரை வேலை நகராது. பத்துக் கணினிகளின் முன்னும் அமர்ந்து பதிலளிக்க நேரமில்லை. தம்பி, ஆன்சிபிள் என்னும் கருவிக்குச் சில வரிகள் எழுதினார். அதன் டெப்கான்ஃப் கூறு, அந்த ‘ஆம்’ஐ ஒவ்வொரு கணினியிலும் முன்கூட்டியே பதித்துவைத்தது. பிறகு எந்தக் கணினியும் எதையும் கேட்கவில்லை. தேநீர் ஆறுவதற்குள் வேலை முடிந்தது.

“நிபந்தனைகளை வாசித்தீர்களா, தம்பி?”

“இல்லை ஐயா,” என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டது, தோட்ட மக்களைக் கலந்தாலோசிக்காமலேயே. அவர்களுக்கான பதிலையும் வேறு யாரோ முன்பே எழுதிவைத்திருந்தார்கள்.

கருவியின்மேல் குற்றமில்லை, வீண் உழைப்பைக் குறைப்பது நல்லதே. ஆயினும், பத்துப் பேருக்காக ‘ஆம்’ எழுதுகிறவர் கேள்வியை ஒருமுறையேனும் வாசித்திருக்க வேண்டும். அன்று மாலை அந்நிபந்தனைகளை இருவருமாக வாசித்து முடித்த பின்னரே பதுளை பஸ்ஸில் ஏறினோம்.