பெட்டி ரீவியும் மூன்று வயரும்



போன கிழமை நான் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு, "சேர், இந்தக் காலத்தில பெட்டி ரீவியைக் கழற்றி என்ன செய்யிறீங்க?" என்று கன பேர் கேட்டிருந்தீங்க. இரண்டு உம்மாமார், "எங்கட மகனும் யூடியூப்பைப் பார்த்திட்டு இதைத்தான் செய்யப் போறேன் எண்டு நிக்கிறான், விடலாமா?" என்று இன்பொக்ஸில் கேட்டிருந்தாங்க. பதில் கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

கழற்றினது நானில்லை, ராத்தாவின் மகன். சா/த பரீட்சையில் கணிதம் சித்தியடையவில்லை. "இவனுக்கு மண்டையில ஒண்டும் ஏறாது, கட்டாருக்கு அனுப்பிடுவம்" என்று மச்சான் பாஸ்போட்டுக்கும் கொடுத்துவிட்டார். அந்த நேரத்தில்தான் வீட்டு மூலையில் கிடந்த 21 அங்குல ரீவியையும், மச்சான் முன்பு வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த பழைய பிளேஸ்டேஷனையும் இவன் தூசு தட்டி எடுத்தான்.

அவனுடைய கேள்வி இதுதான்: "மாமா, சத்தத்தைக் கூட்டினா ரீவியில வார பச்சை எழுத்து அவ்வளவு தெளிவா இருக்கு. கேம் மட்டும் ஏன் கலங்கலா இருக்கு?"

நல்ல கேள்வி. நாம் குத்தும் மஞ்சள் வயரில் வெளிச்சமும் நிறமும் ஒரே சமிக்ஞையாகக் கலந்து வருகின்றன. ரீவி அதைத் திரும்பப் பிரித்தெடுக்க வேண்டும். முழுமையாகப் பிரிக்க முடியாது. அதனால் சிவப்பு ஓரம் கசியும், சின்ன எழுத்து நெளியும். ஆனால் குழாய்க்குக் கடைசியில் தேவைப்படுவது சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனியாக. பிளேஸ்டேஷன் உள்ளே படத்தை உருவாக்குவதும் அப்படித்தான். இடையில் எதற்குக் கட்டி அவிழ்க்க வேண்டும்?

அந்தப் பச்சை எழுத்துத்தான் வழி. ரிமோட்டுக்குப் பதில் சொல்லும் சின்ன ஐசி, எழுத்துக்களை மூன்று நிறக் கோடுகளில் நேராகப் பிரதான ஐசிக்கு அனுப்புகிறது. "இந்த இடத்தில் படத்தை நிறுத்தி எழுத்தைக் காட்டு" என்று சொல்ல நான்காவது கோடு ஒன்றும் உண்டு. அதே வாசலால் நாமும் நுழையலாம். மூன்று நிறத்துக்கும் ஒவ்வொரு 75 ஓம் தடையி, ஒவ்வொரு 0.1 மைக்ரோபரட் கொள்ளளவி. நான்காவது கோட்டுக்கு ஒரு தடையி ஊடாகச் சிறிய வோல்ற்றளவு. படத்தின் நேரத்தைப் பிடிக்க மஞ்சள் வயர் அப்படியே இருக்கும். ஐசிக்கு ஐசி பெறுமதிகள் மாறும். அந்த ரீவியின் சேர்விஸ் வரைபடம் இல்லாமல் தொடவே கூடாது.

கம்பியூட்டரின் வீஜீஏ வயரை இதில் நேராகக் குத்தினால் படம் வராது. இந்த ரீவி ஒரு செக்கனுக்கு 15,625 கோடுகள் வரையும். வீஜீஏ அதைப்போல் இரண்டு மடங்கு.

இனி உம்மாமாருக்கான பதில். தனியாக ஒருபோதும் விடாதீங்க. 

பிளக்கைக் கழற்றினாலும் பெட்டி சாகாது. குழாயின் மேல் இறப்பர் மூடிக்குக் கீழே ஓடும்போது இருபதாயிரம் வோல்ற்றுக்கு மேல் இருக்கும். குழாயே ஒரு கொள்ளளவி மாதிரி அதைப் பிடித்து வைத்திருக்கும். பவர் பக்கத்துப் பெரிய கொள்ளளவியில் 300 வோல்ற்றுக்கு மேல் நிற்கும். குழாயின் கழுத்து மெல்லிய கண்ணாடி, உள்ளே வெற்றிடம். சில பழைய ரீவிகளில் முழுச் சட்டகமும் மெயின்ஸுடன் தொடர்பாக இருக்கும்; அவற்றில் வெளி வயர் கொடுத்தால் கேம் பெட்டியைத் தொடுபவனுக்கே ஆபத்து. கொம்பனியே பின்பக்கம் ஏவி துளை வைத்த ரீவியில் மட்டும்தான் இந்த வேலை.

அதனால் அவனுக்கு ஒரே நிபந்தனை போட்டேன்: நாங்கள் ரேடியோக் காக்கா என்று கூப்பிடும் திருத்துநரின் கடையில் வைத்துத்தான் கழற்ற வேண்டும். முதல் கை அவர் கை. காக்கா மின்னை இறக்கி, மீட்டர் வைத்துப் பார்த்து, "இப்ப தொடு மகன்" என்று சொல்லும் வரை பொடியன் பின்னால் கை கட்டி நின்றான்.

முதல் நாள் படம் வந்தது, பச்சை வரவில்லை. புல்தரை முழுக்க ஊதா. காக்கா காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார் என்று முகத்தில் தெரிந்தது. ஆனால் சொல்லவில்லை. இரண்டு பின்னேரம் இவன் வரைபடத்தில் விரல் வைத்து, கோடு கோடாக அளந்து, ஒரு கொள்ளளவியின் காலில் ட்ரை சோல்டர் இருப்பதைப் பிடித்தான். 75 ஓம் எதற்கு, சமாந்தரமாகப் போட்டால் எவ்வளவு ஆகும் என்று கொப்பியில் கணக்கும் போட்டிருந்தான். அவனுக்கு ஏறாது என்று சொன்ன அதே பின்னக் கணக்கு.

பச்சை வந்ததும் ஜேர்சி இலக்கம் வரை வாசிக்க முடிந்தது. பூதக்கண்ணாடி வைத்தால் மஞ்சள் ஜேர்சியில் மஞ்சளே இல்லை, சிவப்பும் பச்சையும் மட்டும்தான். சிவப்பு வயரைக் கழற்றினால் வெள்ளை எல்லாம் நீலப்பச்சையாகும். ஒளி பாடத்துக்கு இதைவிட நல்ல உபகரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

கட்டார் பேச்சு இன்னும் முடியவில்லை. வீட்டு நிலைமை எனக்கும் தெரியும், மச்சானைக் குறை சொல்ல மாட்டேன். இலத்திரனியலில் ஒரு என்.வி.கியூ சான்றிதழ் எடுக்கும் வரையாவது பொறுங்கள் என்று கேட்டிருக்கிறேன். சான்றிதழோடு போகிறவனுக்கும் வெறும் கையோடு போகிறவனுக்கும் அங்கே என்ன வித்தியாசம் என்று போய் வந்த உங்களுக்குத் தெரியும். கொமண்டில் எழுதுங்கள், மச்சானும் வாசிப்பார்.

கடைசியாக ஒன்று. பெட்டி ரீவியைக் கடற்கரையிலோ மைதானத்து ஓரத்திலோ போடாதீங்க. செம்புக் கம்பிக்காகக் கழுத்தை உடைக்கிறார்கள். ஈயம் கலந்த அந்தக் கண்ணாடிக்குள்தான் நம் பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுகிறார்கள். ஓடுகிற நிலையில் ஏவி துளையோடு ஒன்று இருந்தால் எனக்குச் சொல்லுங்கள், வந்து எடுத்துக்கொள்வேன். காக்காவின் கடையில் இன்னும் இரண்டு பொடியன்களுக்கு இடம் இருக்கிறது.

பொடியனுக்காகத் துஆச் செய்யுங்கள்.