டோபாஸ் நிற்குமிடம்

கப்பலைச் சின்னதாக்கினால் முதலில் காணாமல் போகிறவன் மனுசன்தான். 350-இல் ஒரு பங்கு அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். எச்.எம்.ஐ.எஸ். நர்மதா, வெள்ளைக்காரன் எழுத்தில் நர்படா, அசலில் சுமார் 91 மீட்டர். மேசைமேல் அது 26 சென்டிமீட்டர். பள்ளிக்கூட ஸ்கேலைவிடக் குட்டை. அதன் மேல்தளத்தில் நிற்கிற ஆள் 5 மில்லிமீட்டர்கூட வரமாட்டான். ஒரு அரிசியை நட்டு வைத்தால் அவனைவிட உயரமாக இருக்கும்.

எங்கள் இரவுப் பாடசாலையில் பத்தாவது படிக்கிற தம்பி ஒருவன் பள்ளிக் கண்காட்சிக்குப் போர்க்கப்பல் செய்யணும் என்று வந்தான். விக்ராந்த்தான் அவன் ஆசை. 1946 பிப்ரவரியின் பம்பாய்த் துறைமுகத்தைச் செய்யலாமே என்று நான்தான் திருப்பிவிட்டேன். அந்த மாதம் 18-ஆம் தேதி தல்வார் என்கிற சிக்னல் பள்ளியில் மாலுமிகள் சாப்பாட்டை மறுத்து உட்கார்ந்தார்கள். கேவலமான சோறு ஒரு காரணம். கமாண்டர் கிங் என்பவனின் வாய் இன்னொரு காரணம். கூலிக்குப் பிறந்தவன்களே என்ற அர்த்தத்தில் திட்டியிருக்கிறான். 78 கப்பல்கள், ஏறத்தாழ 20,000 பேர் என்று கலகம் பரவியது. பிரிட்டிஷ் கொடியை இறக்கிவிட்டு காங்கிரஸ், லீக், கம்யூனிஸ்ட் என்று மூன்று கொடிகளை ஏற்றினார்கள். 23-ஆம் தேதி சரணடைந்தார்கள். சரணடையச் சொன்னவர் வல்லபாய் பட்டேல்.

அந்த வசவில் எனக்கு ஒரு உறுத்தல் உண்டு. திட்டியவனின் திமிரை எதிர்த்தது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் கூலிக்குப் பிறப்பது கேவலம் என்பதில் திட்டியவனும் திட்டு வாங்கியவனும் ஒத்துப்போகிறார்களே. எங்கப்பன் கூலிதான். என்னை அப்படிக் கூப்பிட்டால் ஆமாம், அதுக்கென்ன என்றுதான் கேட்பேன்.

கூலிக்கும் கீழே ஒருவன் அந்தக் கப்பல்களில் இருந்தான். பதவியின் பெயர் டோபாஸ். 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் போர்ச்சுகீசிய வழிவந்த கலப்பினக் கிறித்தவர்களைக் குறித்த சொல் இது. தொப்பியிலிருந்து வந்தது என்பார்கள், துபாஷியிலிருந்து வந்தது என்பார்கள். எம்.ஏ. தமிழ் படித்த எனக்கு இரண்டுமே ருசியான ஆராய்ச்சி. கப்பலில் ஏறிய பிறகோ அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான்: கக்கூஸ் கழுவுகிறவன். இரண்டாம் உலகப் போரில் செத்த ராயல் இந்தியக் கடற்படைக்காரர்களின் பட்டியலில், பதவி என்கிற கட்டத்தில், டோபாஸ் என்று பதிந்திருக்கிறது. சுதந்திரம் வந்த பிறகும் அந்தப் பதவி போகவில்லை. 2022-இல் வந்த கடற்படை ஆள்சேர்ப்பு அறிவிப்பில் சமையல்காரர், பரிமாறுபவரோடு ‘ஹைஜீனிஸ்ட்’ என்று இருந்தது. இங்கேயும் 2020-இல் துப்புரவுப் பணியாளரைத் தூய்மைப் பணியாளர் ஆக்கினார்கள். பேர் மாறுது, விளக்குமாறு கை மாறல.

வேலையை ஆரம்பித்தோம். கல்யாணப் பத்திரிகை அட்டைகளை அடுக்கடுக்காக ஒட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து உடம்பு. இந்த மாதிரிக் காட்சிகளில் நீர்மட்டத்துக்கு மேலே உள்ளதை மட்டும் செய்தால் போதும். பாய்லரும் எஞ்சினும் அங்கே வேகிறவனும் அதோடு கழிந்தார்கள். நர்மதாவுக்கு இரட்டை இரட்டையாக ஆறு 4 அங்குல பீரங்கிகள். 22 கேஜ் ஊசியை 13 மில்லிமீட்டராக வெட்டினால் பீரங்கிக் குழாய் ரெடி. பால்பாயிண்ட் ரீபிள் ஒன்றை மெழுகுவர்த்தியில் காட்டி இளகினதும் இழுத்தால் நூலாக நீளும். கயிறு, கம்பி எல்லாம் அதில்தான். கடலுக்கு டிஷ்யூ காகிதத்தை ஃபெவிகாலில் நனைத்துச் சுருக்கம் விழ ஒட்டிக் காயவிட்டோம். தம்பி அதில் நீலம் அடிக்கப் போனான். துறைமுகத் தண்ணி எங்கேடா நீலமா இருக்கு என்று பச்சையில் சேற்றைக் கலந்து கொடுத்தேன். நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல் என்பதால் பின்னால் நுரையும் வைக்கவில்லை. மூன்று கொடிகளைச் செய்யும்போது, 1942-லேயே அம்பேத்கரின் பட்டியல் சாதிகள் கூட்டமைப்பு நீலக் கொடியோடு வந்துவிட்டதே, அது இந்தக் கம்பத்தில் இல்லையே என்று ஒரு நிமிசம் கை நின்றது. இல்லாததை ஏற்ற முடியாது.

அப்புறம் ஆட்கள். ரீபிள் நூலை நறுக்கி, நுனியில் ஒரு பொட்டு பசை வைத்துத் தலை. வெள்ளை பெயிண்ட். முப்பது பேரை நிறுத்தினோம். இதில் டோபாஸ் யார்? 5 மில்லிமீட்டர் ஆளுக்குச் சாதி தெரியாது. தெரிய வேண்டுமென்றால் கையில் விளக்குமாறு கொடுக்க வேண்டும். அசல் குச்சி இரண்டரை சென்டிமீட்டர் தடிமன் என்றால், எங்கள் அளவில் அது சரியாக ஒரு தலைமுடி. தம்பி தலையிலிருந்து ஒன்றைப் பிடுங்கி மூன்றரை மில்லிமீட்டருக்கு வெட்டினேன். இடுக்கியில் பிடித்து ஆளை நோக்கிக் கொண்டுபோனபோது தம்பி குறுக்கே கை வைத்தான்.

“வேணாங்க்கா. எங்கம்மா டெய்லி வெளக்குமாத்தோடதான் நிக்குது. கப்பல்லயும் எதுக்கு?”

“அது இல்லாட்டி அவன் இருந்ததே தெரியாதுடா.”

“பீரங்கிகிட்ட நிக்க வைங்க. தெரியும்.”

“பீரங்கிகிட்ட நின்னா அவனும் எல்லார் மாதிரி ஆயிடுவான்.”

“ஆவட்டுமே.”

எனக்குப் பதில் வரவில்லை. மறந்துபோனவர்களை அடையாளம் காட்டுவதுதான் வேலை என்று பத்து வருசமாக மேடையில் பேசுகிறவள் நான். அடையாளம் என்று நான் நீட்டுவது அவன் தலையில் மறுபடி கட்டுகிற மூட்டை என்கிறான் பையன். அவன் சொல்வதும் நியாயம்தான். ஆனால் முப்பதில் ஒருவனாகக் கலந்துவிட்டால், பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒண்ணாத்தானே போராடினாங்க என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

இரண்டு நாள் கப்பல் அப்படியே கிடந்தது. அவன் அம்மா நகராட்சியில் காண்டிராக்டில் கூட்டுகிறவர். பையனைத் தேடி வந்தவர், என்ன சண்டை என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். “நாங்க ஸ்டிரைக்கு பண்ணப்ப வெளக்குமாத்த ஆபீஸ் வாசல்ல போட்டுட்டுத்தான் உக்காந்தோம். கையில வச்சிக்கிட்டா உக்காருவாங்க?”

பின்தளத்தில் கைப்பிடிக் கம்பி ஓரமாக அந்த முடியைக் கிடத்தி ஒட்டினோம். பக்கத்தில் ஒரு வாளி, ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை, கவிழ்ந்தபடி. முப்பது பேரும் பீரங்கிப் பக்கமும் கொடிமரத்தடியிலும் நிற்கிறார்கள். விளக்குமாறு கருப்பு முடி என்பதால் சாம்பல் நிறத் தளத்தில் துலக்கமாகத் தெரிகிறது. பெயிண்ட் அடித்து மங்க வைக்கலாமா என்று கேட்டேன். வேணாம் என்றான் தம்பி.