போருக்கு விலை கொடுப்பவர் யார்?

(பத்தாம் வகுப்பு மாணவி)

"சமாதானம்!" எத்துணை இனிய சொல்! திருப்பலியில் பக்கத்தில் நிற்கும் தோழியை நோக்கிக் கைகுவித்து இச்சொல்லைக் கூறுகிறோம். கூறிவிட்டு வகுப்புக்கு வந்ததும் ஒரு பேனாவுக்காகச் சண்டையிடுகிறோம்! எங்கள் சண்டை மதிய உணவு மணி அடிப்பதற்குள் தீர்ந்துவிடும். நாடுகளின் சண்டையோ அவ்வாறு தீர்வதில்லை. இதனை நாங்கள் உணர்ந்துகொண்ட விதத்தை இங்கே கூற விழைகிறோம்.

ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில் எங்கள் இலக்கிய மன்றத்தில் ஒரு சொற்போர் நடைபெற்றது. "நாட்டுக்குப் போர் நன்மையா, தீமையா?" என்பது தலைப்பு. சீட்டுக் குலுக்கியதில் "நன்மையே" என்று பேசும் பொறுப்பு எங்கள் வகுப்புக்கு வந்தது. நாங்கள் சளைக்கவில்லை. "நாகசாகியில் ஒரு குண்டு விழுந்தது, உலகப் போரே முடிந்தது. அந்த ஒரு குண்டு எத்தனை இலட்சம் உயிர்களைக் காத்தது!" என்று முழங்கினோம். கைதட்டல் மண்டபத்தை அதிரச் செய்தது. பரிசும் எங்களுக்கே கிடைத்தது.

மறுநாள் மறைக்கல்வி வகுப்புக்கு வந்த சிஸ்டர், "நாகசாகியைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டார்கள். "1945, ஆகஸ்டு 9" என்றோம் ஒரே குரலில். வரலாற்றுத் தேர்வில் அதற்கு ஒரு மதிப்பெண் உண்டு. அதற்கு மேல் சொல்ல எங்களிடம் ஒன்றும் இல்லை. சிஸ்டர் கோபித்துக்கொள்ளவில்லை. அந்தத் தேதியைக் கரும்பலகையில் எழுதிவிட்டுச் சொல்லத் தொடங்கினார்கள்.

முத்துக்குளித்துறைக்கு 1542-ல் வந்து நம் கடற்கரை மக்களிடையே உழைத்த அதே புனித சவேரியார்தான் 1549-ல் ஜப்பானில் கால் வைத்தார். அவர் விதைத்த விசுவாசம் பின்னர் கொடிய வேதகலாபனையைச் சந்தித்தது. 1597-ல் நாகசாகிக் குன்றில் 26 பேர் சிலுவையில் அறையுண்டு வேதசாட்சிகளாயினர். அதன்பின் குருக்களே இல்லாமல், இருநூறு ஆண்டுகளுக்கு மேல், தாய்மார் செபங்களைப் பிள்ளைகளுக்கு இரகசியமாகக் கற்றுக்கொடுத்து வேதத்தைக் காத்தார்கள். அவர்களுடைய சந்ததியார் நாகசாகியின் ஊரகாமிப் பகுதியில் ஒரு பெரிய கோவிலை எழுப்பினர்.

1945 ஆகஸ்டு 9 அன்று குண்டை ஏந்திய அமெரிக்க விமானம் முதலில் சென்றது கொக்குரா என்னும் வேறொரு நகரத்துக்கு. அங்கே வானம் தெளிவாக இல்லை. எனவே நாகசாகிக்குத் திரும்பியது. அங்கே மணி 11.02. இன்றைய நம் கடிகாரப்படி காலை 7.32, நாம் பின்னலிட்டு ரிப்பன் கட்டிக்கொள்ளும் நேரம்! ஊரகாமிக் கோவிலில் மாதாவின் விண்ணேற்புத் திருநாளுக்கு ஆயத்தமாக இரு குருக்கள் பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருந்தனர். அவர்களும், உள்ளே இருந்த அனைவரும் மாண்டனர். ஊரகாமியின் ஏறக்குறைய 12,000 கத்தோலிக்கரில் சுமார் 8,500 பேர் இறந்தனர். அவ்வாண்டு முடிவதற்குள் நகரில் இறந்தோர் சுமார் 70,000 பேர்.

அந்நகரில் ஜூன்ஷின் என்றொரு பள்ளி இருந்தது. எங்கள் பள்ளியைப் போலவே கன்னியர் நடத்திய பெண்கள் பள்ளி. போர் முற்றியதும் ஜப்பானிய அரசு மாணவிகளைப் புத்தகங்களை மூடிவைக்கச் சொல்லி ஆயுதத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பியது. அப்பள்ளியில் மட்டும் இருநூறுக்கும் மேற்பட்டோர் அந்தக் குண்டுக்கு இரையாயினர். அவர்களில் பெரும்பாலோர் எங்கள் வயதினர்.

வகுப்பில் ஊசி விழுந்தாலும் கேட்கும் அமைதி. எங்களுள் ஒருத்தி எழுந்தாள். "சிஸ்டர், ஜப்பான் மட்டும் நல்லதா செய்தது? சயாம்-பர்மா ரயில் பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன நம் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சாகவில்லையா?" என்று கேட்டாள். "உண்மைதான்" என்றார்கள் சிஸ்டர். "அந்தக் கூலியாட்களும் போரைத் தொடங்கவில்லை, இந்த மாணவிகளும் தொடங்கவில்லை. தொடங்கியவர்கள் வேறு, விலை கொடுத்தவர்கள் வேறு. குண்டு உயிர்களைக் காத்ததா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். ஆனால் நேற்று 'காத்தது' என்று நீங்கள் சொன்னபோது, எரிந்துபோனவர்களை எந்தக் கணக்கில் எழுதினீர்கள்?"

எங்களிடம் பதில் இல்லை.

எங்கள் தோழி ஒருத்தியின் தந்தை இராணுவத்தில் எல்லையில் பணிபுரிகிறார். அவள் கண்கலங்கி, "அப்படியென்றால் எங்கள் அப்பா செய்வது பாவமா, சிஸ்டர்?" என்றாள். சிஸ்டர் அவள் அருகில் சென்று தோளில் கைவைத்து, "உன் அப்பா ஊரைக் காக்க நிற்கிறார், அம்மா. போர் வரக்கூடாது என்று அவரைவிட அதிகமாக வேண்டிக்கொள்பவர் யார்? மேடையில் போரைக் கேட்டது அவர் அல்ல" என்றார்கள். எங்களுக்குச் சுருக்கென்றது. மேடையில் கேட்டவர்கள் நாங்கள் அல்லவா!

அன்று மாலை நாங்கள் கணக்குப் போட்டோம். அணுகுண்டுத் திட்டத்துக்கு அமெரிக்கா அக்காலத்தில் செலவிட்டது சுமார் 200 கோடி டாலர். தளபதியாயிருந்து பின்னர் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான ஐசனோவரே 1953-ல் ஒரு கணக்குச் சொன்னார்: ஒரு கனரகக் குண்டுவீச்சு விமானத்தின் விலையில் முப்பதுக்கும் மேற்பட்ட நகரங்களில் பள்ளிக்கூடம் கட்டலாம். 2024-ம் ஆண்டில் உலக நாடுகள் இராணுவத்துக்குச் செலவிட்ட தொகை சுமார் 2 இலட்சத்து 70 ஆயிரம் கோடி டாலர். தொட்டிலில் கிடக்கும் குழந்தையையும் சேர்த்துப் பங்கிட்டால் ஆளுக்கு 300 டாலருக்கு மேல் வருகிறது! இப்பணத்தில் எத்தனை மருத்துவமனைகள், எத்தனை குடிநீர்க் கிணறுகள்! பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் 1964-ல் பம்பாய் நற்கருணை மாநாட்டுக்கு வந்திருந்தபோது, ஆயுதச் செலவில் ஒரு பகுதியையாவது ஏழைகளுக்கான உலக நிதியாக ஒதுக்குங்கள் என்று நாடுகளைக் கேட்டுக்கொண்டார். நம் நாட்டு மண்ணில் எழுந்த அந்த வேண்டுகோள் இன்னும் நிறைவேறாமலே இருக்கிறது.

பணத்தையாவது எண்ணிவிடலாம். நாகசாகியின் டாக்டர் நாகாய் இழந்ததை எப்படி எண்ணுவது? தாமே காயமுற்றிருந்தும் நோயாளிகளைக் கவனித்துவிட்டு வீடு திரும்பிய அவர், சாம்பலில் தம் மனைவி மிதோரியின் எலும்புகளையும் உருகிய செபமாலையையும் கண்டெடுத்தார். பின்னர் இரண்டு பாய் விரிக்கும் அளவுள்ள குடிலில் இரு பிள்ளைகளுடன் வாழ்ந்தார். நோய்ப் படுக்கையில் கிடந்தபடியே சமாதானத்துக்காக நூல்கள் எழுதி, 1951-ல் இறந்தார். தம்மைப்போல் பிறரையும் நேசிக்கச் சொன்ன ஆண்டவரின் கட்டளையை நினைத்து, அக்குடிலுக்குத் "தன்னைப்போல்" என்று பொருள்படும் பெயர் வைத்திருந்தார். குண்டு போட்ட நாட்டாரும் அந்தப் "பிறரில்" அடங்குவர் அல்லவா? கெத்செமனித் தோட்டத்தில் இராயப்பரின் வாளை உறையில் போடச் சொன்ன நம் ஆண்டவர், வெட்டுண்ட பகைவனின் காதையும் தொட்டுக் குணமாக்கினார். இதைச் சிறுவயது முதல் கேட்டிருந்தும் அன்றுதான் எங்களுக்குப் புரிந்தது.

ஆகஸ்டு 15 வந்தது. நமக்கு அது சுதந்திரத் திருநாள், மாதாவின் திருநாள். 1945-ல் ஜப்பான் சரணடைவதாக அறிவித்ததும் அதே நாளில்தான். கொடியேற்றி, இனிப்பு பெற்றபின், நாங்கள் கெபி முன் கூடி, திருநாளைக் காணாமல் போன அந்த மாணவிகளுக்காகவும், மலாயாத் தமிழருக்காகவும், எல்லையில் நிற்கும் எங்கள் தோழியின் தந்தைக்காகவும் செபமாலை சொன்னோம்.

அரையாண்டுத் தேர்வில் அதே வினா மீண்டும் வந்தது. "1945" என்று எழுதி ஒரு மதிப்பெண் பெற்றோம். ஆனால் எழுதும்போது எங்கள் பேனா ஒரு கணம் தயங்கி நின்றது.

அன்புத் தோழியரே! போரைப் புகழ்வோரைக் கண்டால், விலை கொடுத்தவர் யார் என்று முதலில் கேட்போம். திருப்பலியில் கைகுவித்துக் கூறும் சமாதானத்தை வகுப்பறையிலும் வீட்டிலும் வாழ்ந்து காட்டுவோம். சமாதானத்தின் அரசியே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!