திரும்பி வந்த வழி

பிரயாணக் கட்டுரை எழுதுவோர் பெரும்பாலும் புறப்பட்ட கதையையே எழுதுகின்றனர். திரும்பி வந்த கதையை எழுதுவோர் சிலரே. போகும்போது காண்பதெல்லாம் புதுமை. வரும்போது உடல் அலுத்து, கைப்பணம் குறைந்து, எப்போது வீடு சேர்வோம் என்னும் நினைவு ஒன்றே எஞ்சுகிறது. ஆயினும், இவ்வாண்டு பங்குனியில் தனுஷ்கோடியிலிருந்து கும்பளங்கிக்கு மோட்டார் சைக்கிளில் திரும்பிய மூன்று நாட்களே நம் மனத்தில் ஆழப் பதிந்துள்ளன. பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு ஊர் வந்து வாழும் அன்பர்கள் இதில் தம் கதையையும் சிறிது காணக்கூடும் என்று கருதி இதனை எழுதலானோம்.

நாம் இரயில்வேயில் குமாஸ்தா. படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. இரயிலில் போக இலவசப் பாஸ் இருக்க, மோட்டார் சைக்கிளில் ஏன் எலும்பு நோகப் போகவேண்டும் என்று அலுவலக நண்பர்கள் நகைத்தனர். அதற்குக் காரணம் உண்டு. நம் தந்தையார் பரமக்குடிக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து இளமையில் கொச்சிக்கு வந்தவர். மட்டாஞ்சேரியில் வாடகை அறையில் தங்கி, வெல்லிங்டன் தீவுத் துறைமுகத்தில் சுமை தூக்கி, பின்னர் கும்பளங்கியில் நான்கு சென்ட் நிலம் வாங்கி வீடு கட்டினார். கொச்சியை அடுத்த குண்டன்னூரிலிருந்து மூணாறு, போடி, மதுரை, இராமநாதபுரம் வழியாகத் தனுஷ்கோடி வரை செல்லும் சாலையைப் பற்றி அவர் அடிக்கடி பேசுவார். "இங்க ஏறுனா நம்ம ஊருல கொண்டுபோய் இறக்கிவிடுற ரோடுடா அது" என்பார். சுமார் 440 கிலோமீட்டர் நீளமுள்ள அச்சாலை முன்பு 49 என்னும் எண்ணைப் பெற்றிருந்தது. இன்று கொச்சியிலிருந்து மதுரை வரையுள்ள பகுதிக்கு எண் 85. ஒருமுறை அவ்வழியே நம்மை அழைத்துச் செல்வதாகச் சொல்லியிருந்தார். அது நிறைவேறாமலே சென்ற ஆண்டு காலமானார். ஆகவே முதலாண்டுத் திதியை இராமேசுவரத்தில் கொடுத்துவிட்டு அச்சாலையிலேயே திரும்புவதென்று நாமும் தம்பியும் முடிவு செய்தோம். வண்டி தம்பியுடைய பழைய புல்லட்.

புறப்படுகையில் அன்னையார் தகரப் பெட்டியொன்றைத் திறந்து ஒரு சாவியை எடுத்துக் கொடுத்தார். அது ஊரிலுள்ள பூர்வீக வீட்டின் சாவி. பத்தாண்டுகளாக அங்கே குடியிருப்பார் எவருமில்லை. "வரும்போது திறந்து பெருக்கி, ஒரு விளக்கை ஏத்திட்டு வாங்க" என்றார். தம்பியின் எண்ணம் வேறு. அவ்வீட்டை விற்றுக் கும்பளங்கி வீட்டின் மேலுள்ள கடனை அடைக்கவேண்டும் என்பது அவன் கட்சி. கடனுக்கு வட்டி கட்டுபவன் அவனாதலால் அவன் பேச்சில் நியாயமும் இருந்தது. நமக்கோ மனம் ஒப்பவில்லை. இவ்வழக்குத் தீராமலே இராமேசுவரம் சென்று சேர்ந்தோம்.

திதி முடிந்த மறுநாள் விடியலில் தனுஷ்கோடி சென்றோம். 2017ஆம் ஆண்டு முதல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை உள்ளது. இரயில்வே ஊழியனுக்கு அங்கே காலூன்றி நிற்பது எளிதன்று. 1914 முதல் சென்னையிலிருந்து வந்த பயணிகள் இவ்விடத்தில் இறங்கிக் கப்பலேறித் தலைமன்னார் சென்றனர். 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு வீசிய புயலில், பாம்பனிலிருந்து வந்த பயணிகள் வண்டி ஏறியிருந்தோரோடு கடலில் மறைந்தது; ஊரும் அழிந்தது. நிலையத்தின் இடிந்த சுவரும் மாதாகோயிலின் கற்களும் இன்றும் நிற்கின்றன. சாலை முடியும் வட்டத்தில் தம்பி வண்டியைத் திருப்பினான். அந்த இடத்திலிருந்துதான் நம் திரும்பும் பயணம் தொடங்கிற்று.

1988இல் திறந்த சாலைப் பாலத்தின் மீது நின்று இரண்டு இரயில் பாலங்களையும் பார்த்தோம். ஒன்று 1914இல் திறந்து ஓய்வு பெற்றது. மற்றொன்று 2025 ஏப்ரலில் திறந்தது. கப்பலுக்கு வழிவிட அதன் நடுப்பகுதி நேர் மேலே உயரும். பழையதைப் பார்த்துக்கொண்டே புதியது வேலை செய்கிறது.

நண்பகலில் ஊரை அடைந்தோம். வீடு இல்லை. முன்சுவரும் நிலையும் மட்டும் நிற்க, கூரையும் பிற சுவர்களும் மண்மேடாகக் கிடந்தன. நிலைக்கதவில் பூட்டு அப்படியே தொங்கிற்று. சிற்றப்பா தலைகுனிந்து, "ஐப்பசி மழையில விழுந்துருச்சுப்பா. அண்ணன் போன துக்கத்துல இருக்க அண்ணிகிட்ட இதையும் எப்படிச் சொல்றது?" என்றார். சாவியைப் பையிலேயே வைத்துக்கொண்டோம். கொல்லைப்புற வேம்பு மட்டும் பூத்துக் குலுங்கி நின்றது. அதன் அடியில் அகல் விளக்கு ஒன்றை ஏற்றினோம். தம்பி தன் கைப்பேசியில் அம்மரத்தைப் படம் பிடித்தான்.

மாலையில் தெருவினர் வந்து நலம் விசாரித்தனர். அனைவரும் கேட்ட கேள்வி ஒன்றே: "எப்பய்யா ஊருக்குப் போறீய?" பூர்வீக ஊரில் உட்கார்ந்திருக்கும் நம்மைப் பார்த்து அவர்கள் ஊர் என்றது கும்பளங்கியை!

மறுநாள் மதுரை, உசிலம்பட்டி, தேனி கடந்து போடி வந்தோம். ஊருக்கு வெளியே கிளட்ச் கம்பி அறுந்தது. புறப்படுமுன் மாற்றாதது நம் பிழையே. வண்டியைத் தள்ளிச் சென்று பட்டறையில் சேர்த்துவிட்டுப் போடிநாயக்கனூர் நிலையத்தைப் பார்த்து வந்தோம். 2010 இறுதியில் அகலப் பாதைக்காக நிறுத்திய வண்டி 2023 ஜூனில்தான் மீண்டும் இங்கு வந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்த ஊர் இது.

போடிமெட்டு மலைப்பாதையின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப் பூப்பாறை, தேவிகுளம் வழியாக மூணாறு சேர இருட்டிவிட்டது. அங்கும் ஒருகாலத்தில் தேயிலை சுமந்த சிற்றிரயில் ஓடியது. 1924 வெள்ளம் அதனைக் கொண்டுபோயிற்று. தேநீர்க் கடையில் தமிழே ஒலித்தது. தலைமுறைகளுக்கு முன் பாண்டி நாட்டிலிருந்தும் நெல்லைச் சீமையிலிருந்தும் மலையேறியவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் தோட்டங்களில் உழைக்கின்றனர். அவர்கள் வாழும் லயங்கள் தோட்டத்தாருக்குச் சொந்தம். 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து அத்தகைய லயங்களின் மேல் விழ, எழுபது பேர் மாண்டதை அன்பர்கள் மறந்திரார். கடையிலிருந்த முதியவர் ஒருவர் நம் கதையைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "உங்களுக்கு வீடு விழுந்தாலும் மண்ணு இருக்கு தம்பி. நாங்க வேலையை விட்டா லயத்தைக் காலி பண்ணணும். எந்த ஊருக்குப் போறதுன்னு எங்க பிள்ளைகளுக்கே தெரியாது."

அன்றிரவு விடுதியில் தம்பி நெடுநேரம் உறங்கவில்லை. விடிந்ததும் வண்டியைத் துடைத்துக்கொண்டே, "அந்த இடத்தை விக்க வேண்டாம்ணே. கடனை நான் பாத்துக்குறேன்" என்றான். "இனி வட்டியில் பாதி நம்முடையது" என்றோம். வேறொன்றும் பேசவில்லை.

அடிமாலி, சீயப்பாறை அருவி, பெரியாற்றின் மேல் 1935இல் திறந்த நேரியமங்கலம் பாலம் என்று ஒவ்வொன்றாகப் பின்னே சென்றன. கோதமங்கலம் தாண்டியதும் புழுக்கம் மிகுந்தது. அன்னையாரிடம் என்ன சொல்வது என்னும் பாரமும் மிகுந்தது. வீடு நெருங்க நெருங்க வண்டி வேகம் பிடித்தது. பள்ளுருத்தியில் நின்றிருந்த பேருந்தை முந்தப் போய், எதிரே வந்த லாரியிடமிருந்து மயிரிழையில் தப்பினோம். நானூறு கிலோமீட்டரும் காத்த நிதானத்தைக் கடைசி ஐந்து கிலோமீட்டரில் இழக்க இருந்தோம். நெடுவழி வண்டியோட்டும் இளைஞர்கள் இதனை நினைவில் கொள்க: வீட்டு நினைவு முந்திக்கொண்டு ஓடும்போதுதான் கை நிதானம் தவறும்.

பெரும்படப்புப் பாலம் கடந்து கும்பளங்கிக்குள் நுழைந்தபோது இரவாகிவிட்டது. சீனவலைகள் கறுத்து நின்றன. பொக்காளி நெல் அறுத்தபின் இறால் வளர்க்கும் கெட்டுகளில் மதகடியில் விளக்கு வைத்திருந்தனர். 'கும்பளங்கி நைட்ஸ்' படம் 2019இல் வந்தபின், கோடையில் காயல் நீர் நீலமாய் ஒளிரும் 'கவரு' காண வெளியூரார் திரண்டு வருகின்றனர். அன்றும் கரையில் சிலர் நின்றிருந்தனர். பக்கத்து வீட்டு நண்பர் வேலிக்கு அப்பாலிருந்து, "சேட்டா, நாட்டில் போயி வந்நோ?" என்றார். அவர் நாடு என்றது பரமக்குடியை! அங்குள்ளோர் நம்மை இங்குள்ளவர் என்கின்றனர். இங்குள்ளோர் அங்குள்ளவர் என்கின்றனர். இரண்டும் அன்பினால் கேட்பவையே என்பது அப்போது விளங்கிற்று.

அன்னையார் வாசற்படியில் அமர்ந்திருந்தார். "சாப்பிட்டீயளா?" என்பதே முதற்கேள்வி. கஞ்சியும் மீன் குழம்பும் உண்டபின், மறைக்க மனமின்றி நடந்ததைச் சொல்லிச் சாவியை நீட்டினோம். சற்றுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "கொல்லையில வேப்பமரம் நிக்குதா?" என்று கேட்டார். தம்பி கைப்பேசியைக் காட்டினான். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அப்படத்தை நெடுநேரம் பார்த்தார். "உங்கப்பா வச்சது. அதுக்குக் கீழயாவது விளக்கு வச்சீயளே" என்றார். சாவியை மீண்டும் தகரப் பெட்டியில் வைத்து மூடினார்.

வெளியூரில் வாழும் அன்பர்களே! ஊரில் உங்களுக்குப் பூட்டிய வீடிருந்தால், மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை சென்று கூரையைப் பாருங்கள். நாம் காலம் தாழ்த்தியதுபோல் தாழ்த்தாதீர்கள். அடுத்த பங்குனியில் அன்னையாரை அழைத்துச் செல்வதாக இருக்கிறோம். இம்முறை இரயிலில்தான்; அவருக்கும் பாஸ் உண்டு.