ரெண்டு கருப்பு, ரெண்டு பளபளப்பு

நாலு சைலன்சர் பைப் வச்ச கார் ஒண்ணு சிக்னல்ல உங்க முன்னாடி வந்து நின்னா, அந்த பைப்புகளுக்கு உள்ளே கொஞ்சம் பாருங்க. சில கார்கள்ல நாலும் ஒரே நிறத்துல இருக்காது. ரெண்டு பைப் அடுப்புல வச்ச சட்டி மாதிரி கருப்பா இருக்கும். மத்த ரெண்டும் ஷோரூம்ல இருந்து இறக்கின அன்னைக்கு இருந்த மாதிரி பளபளன்னு இருக்கும். ஒரே என்ஜின், ஒரே பெட்ரோல், ஒரே டிரைவர். அப்புறம் ஏன் இந்த பாரபட்சம்?

நான் ஃபைனல் இயர் மெக்கானிக்கல். இதுக்கான பதில்ல பாதி எனக்கு கிளாஸ்ல கிடைச்சது. மீதி பாதி அவினாசி ரோடு பக்கம் எங்க மாமா நடத்துற வாட்டர் சர்வீஸ்ல கிடைச்சது.

முதல்ல கரி எங்கிருந்து வருதுன்னு பார்ப்போம். 1 கிலோ பெட்ரோல் முழுசா எரிய சுமார் 14.7 கிலோ காத்து வேணும். காலைல குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் பண்ணும்போது பெட்ரோல் சரியா ஆவியாகாது. அதனால இசியூ கூடுதலா பெட்ரோல் விடும். ஆக்சிலரேட்டரை முழுசா மிதிக்கும்போதும் அப்படித்தான். காத்து பத்தாத இடத்துல பெட்ரோல்ல இருக்கிற கார்பன் முழுசா எரியாம துகளா மிஞ்சிடும். அதுதான் புகைக்கரி. இப்ப வர்ற டைரக்ட் இன்ஜெக்‌ஷன் என்ஜின்கள்ல இது இன்னும் அதிகம். பெட்ரோலை நேரா சிலிண்டருக்குள்ளயே பீச்சுறதால காத்தோட கலக்க நேரம் கம்மி. பிஸ்டன் தலையில பட்டு ஈரமா நிக்கிற பெட்ரோல் கரியா எரியும்.

சரி, அது ஏன் பைப் வாயில வந்து ஒட்டுது? சூடான வாயுவுல மிதக்குற நுண்ணிய துகள், பக்கத்துல குளிர்ந்த சுவர் இருந்தா அதை நோக்கி நகரும். ஹீட் டிரான்ஸ்ஃபர் புக்ல இதுக்கு தெர்மோஃபோரசிஸ்னு பேரு. எக்ஸாஸ்ட் லைன்லயே குளிர்ந்த இடம் கடைசி முனைதான். போதாததுக்கு, 1 லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா ஏறக்குறைய 1 லிட்டர் தண்ணி உருவாகும். வண்டி சூடாகுற வரைக்கும் அந்த நீராவி பைப்லயே தண்ணியாகி கரியோட சேர்ந்து மை மாதிரி ஒட்டிக்கும். அந்தக் கரி தானா எரிஞ்சு போகணும்னா சுமார் 600 டிகிரி செல்சியஸ் வேணும். சாதாரண ஓட்டத்துல பைப் முனை அவ்வளவு சூடாகவே ஆகாது. அதனால யாராவது துடைக்கிற வரைக்கும் அது அங்கேயேதான் இருக்கும்.

இப்ப வால்வ். வால்வ்னு சொன்னதும் சிலிண்டர் ஹெட்ல மேலயும் கீழயும் போய்ட்டு வர்ற எக்ஸாஸ்ட் வால்வ் ஞாபகம் வரும். இது அது இல்லை. இது சைலன்சர் பக்கத்துல, பைப்புக்குள்ள ஒரு வட்டத் தகடு. திரும்பினா வழி திறக்கும், குறுக்கே நின்னா வழி அடைக்கும். வண்டி மெதுவா போகும்போது தகடு மூடியிருக்கும். புகை முழுக்க சைலன்சர் பெட்டியைச் சுத்தி மத்த பைப் வழியா சத்தமில்லாம போகும். வேகம் எடுக்கும்போது தகடு திறக்கும். அடைப்பு குறையும், பவர் கூடும், சத்தமும் கூடும்.

2006ல வந்த கார்வெட் இசட்06 இதுக்கு நல்ல உதாரணம். 7.0 லிட்டர் வி8 என்ஜின், பின்னாடி நடுவுல நாலு பைப். வாக்குவத்துல இயங்குற வால்வ் குறைஞ்ச லோடுல மூடியிருக்கும், முழு பவர் கேட்டா திறக்கும். எப்பவும் அந்தச் சத்தம் வேணும்னு ஆசைப்படுற ஓனர்கள் அதுக்கான ஃப்யூஸையே உருவிடுவாங்க. ஃப்யூஸ் இல்லைன்னா வால்வ் திறந்தே கிடக்கும். அப்புறம் எல்லா பைப்லயும் புகை போகும், எல்லாத்துலயும் கரி ஏறும்.

ஆக, டவுனுக்குள்ளயே ஓடுற காரா இருந்தா வால்வ் பெரும்பாலும் மூடித்தான் இருக்கும். புகை போற பைப் கருக்கும், போகாத பைப் மின்னும். விஷயம் இவ்வளவுதான்.

இந்தச் சின்ன விஷயத்துக்கு ஒருத்தரோட கூலி போக இருந்ததை நான் பார்த்தேன்.

போன செமஸ்டர் லீவுல மாமா கடையில பில் போட்டுட்டு இருந்தேன். வாராவாரம் ஒரு பெரிய கார் வரும், நாலு பைப். அன்னைக்கு அந்த ஓனர் குனிஞ்சு பார்த்துட்டு, கழுவுற அண்ணனைக் கூப்பிட்டார். "ரெண்டை மட்டும் துடைச்சிட்டு ரெண்டை அப்படியே விட்டிருக்க. போன வாரமும் இப்படித்தான். பாலிஷ் காசு 200 ரூபாய் நான் தர மாட்டேன்." அந்த 200 போனா அது அண்ணன் கணக்குலதான் விழும்.

அண்ணன் பொறுமையா சொன்னார்: "இல்லீங்க சார், நாலையும் துடைச்சுத்தானுங்க விடறேன். இந்த ரெண்டுல காத்தே வர்றதில்லீங்க. வண்டி உள்ள வந்ததும் கிட்ட கை வச்சா இது ஜில்லுனு இருக்குதுங்க, அந்த ரெண்டும் கொதிக்குதுங்க."

"சாக்கு சொல்லாதப்பா."

நான் எழுந்து போனேன். "சார், திஸ் கார் ஹேஸ் ஆக்டிவ் எக்ஸாஸ்ட் வால்வ்ஸ்"னு ஆரம்பிச்சேன். அந்த ஒரு வாக்கியத்துலயே அவர் முகம் மாறிடுச்சு. பழைய பேப்பரை நாலு துண்டா கிழிச்சு, என்ஜினை ஐடில்ல விடச் சொல்லி, ஒவ்வொரு பைப் முன்னாடியும் பிடிச்சுக் காட்டினேன். கருப்பு பைப் முன்னாடி பேப்பர் படபடன்னு அடிச்சது. பளபளப்பு பைப் முன்னாடி அசையவே இல்லை. "இப்ப ஸ்போர்ட் மோடு போடுங்க சார்." உள்ளே டக்குன்னு ஒரு சத்தம். நாலு பேப்பரும் ஆடுச்சு.

அவர் சிரிச்சுட்டே 200 ரூபாயைக் கொடுத்தார். "எந்த காலேஜ் தம்பி?"னு என்கிட்ட விசாரிச்சார். அண்ணன்கிட்ட ஒண்ணும் சொல்லல.

யோசிச்சுப் பார்த்தா நான் அங்க புதுசா எதுவும் சொல்லல. பைப்ல காத்து வரலைங்கிறதை அண்ணன் வாராவாரம் கையாலயே டெஸ்ட் பண்ணி வச்சிருந்தார். ரீடிங் அவரோடது. நான் அதுக்கு ஒரு இங்கிலீஷ் பேர் வச்சேன், அவ்வளவுதான். எல்கேஜில இருந்து இங்கிலீஷ் மீடியம் படிச்சதுக்கு 200 ரூபாய் மதிப்பு இருக்குன்னு அன்னைக்குத் தெரிஞ்சது. அது எனக்கு அவ்வளவு சந்தோஷமா இல்லை.

அதே அண்ணன்தான் கரியைப் படிக்கவும் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். விரல்ல எடுத்தா பவுடர் மாதிரி உதிர்ந்தா அது பெட்ரோல் கரி, பயப்பட வேண்டாம். பிசுபிசுன்னு எண்ணெய் மாதிரி ஒட்டினா என்ஜின் ஆயில் எரியுது, உடனே பார்க்கணும். பிஎஸ் 6 டீசல் வண்டில பைப் கருப்பா இருந்தா சந்தேகப்படணும். இதுக்குக் காரணம் நமக்குத் தெரியும்: 2020 ஏப்ரல் 1ல இருந்து வர்ற டீசல் கார்கள்ல கரியைப் பிடிக்க ஃபில்டர் இருக்கு. பைப் கருத்தா ஃபில்டர் உடைஞ்சிருக்கலாம், இல்லை யாரோ கழட்டியிருக்கலாம். அதாவது பெட்ரோல் கார்ல சாதாரணமா இருக்கிற அதே கருப்பு, டீசல் கார்ல வியாதி.

மாமா காலத்துல "சாம்பல் நிறம்னா நல்ல என்ஜின்"னு ஒரு கணக்கு இருந்தது. அதுவும் பொய்யில்லை. அப்ப பெட்ரோல்ல ஈயம் இருந்தது, அது வெளிறின சாம்பல் படிவை விட்டுட்டுப் போகும். 2000 பிப்ரவரி 1ல நாடு முழுக்க ஈயம் கலந்த பெட்ரோல் நின்னுடுச்சு. அந்தக் கணக்கும் அதோட முடிஞ்சது.

இன்னொண்ணு: பைப் பளபளப்பா இருக்குன்னா வண்டி சுத்தம்னு அர்த்தம் இல்லை. சில கார்கள்ல பம்பர்ல தெரியுறது வெறும் அலங்காரம், நிஜ பைப் அடியில ஒளிஞ்சிருக்கும். பெட்ரோல் வண்டிக்கு எடுக்கிற பொல்யூஷன் டெஸ்ட்லயும் கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன் ரெண்டையும்தான் பார்ப்பாங்க. கரித் துகளை எண்றதில்லை. அந்தத் துகள்ல பெரும்பாலானது 100 நானோமீட்டருக்கும் கீழே. அதை நேருக்கு நேர் சுவாசிக்கிறது பின்னாடி குனிஞ்சு துடைக்கிறவர்தான். அதனால மாமாகிட்ட கேட்டு மாஸ்க்கும் கிளவுஸும் வாங்கி வச்சோம்.

அடுத்த தடவை வண்டியை வாட்டர் சர்வீஸ்ல விட்டா, கிளம்புறதுக்கு முன்னாடி துடைச்சவர்கிட்ட "அண்ணே, பைப் எப்படி இருக்கு?"னு கேளுங்க. உங்க கார் பின்பக்கத்தை உங்களை விட அதிகமா பார்த்தவர் அவர்தான். அவர் தமிழ்ல சொல்றதைக் கடைசி வரைக்கும் கேளுங்க.