கட்டைவிரலுக்கு வேலை இல்லை

கிட்டார் வகுப்பை நான் நிறுத்தப் போகிறேன் என்று சொன்னதும் ஒரு மாணவனின் அப்பா, "உட்கார்றதுக்கும் கை வெச்சுக்கறதுக்குமே ஒரு மாசம் ஃபீஸ் வாங்கினீங்களே சார், யூடியூப்ல முதல் நாளே பாட்டு வாசிக்க வைக்கிறாங்க" என்றார். வாசலில் நின்றபடி சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. இங்கே எழுதுகிறேன்.

கிட்டாரை எப்படி வைத்துக்கொள்வது என்பது பெரியவர்கள் மண்டையை உடைத்துக்கொண்ட விஷயம். கிட்டார் மேதை ஃபெர்னாண்டோ சோர் 1830இல் வெளியிட்ட பாடநூலில் அதை மேசையில் சார்த்தி வாசிக்கும் முறையைச் சொல்கிறார். அவர் நண்பர் அகுவாடோ, கிட்டாரைத் தாங்குவதற்கென்றே ஒரு முக்காலியை உருவாக்கினார். பிறகு வந்த கிட்டார் கலைஞர் தாரெகா காலத்தில் இடது காலுக்கு அடியில் சின்னப் பலகை வைக்கும் வழக்கம் நிலைபெற்றது. மூவரும் தேடியது ஒன்றைத்தான்: இடது கைக்குச் சுமை இருக்கக் கூடாது. உட்கார்ந்ததும் இடது கையை எடுத்துவிடச் சொல்வேன். கிட்டார் அப்படியே நிற்க வேண்டும். நெக் கீழே சாய்ந்தால் அன்றைக்குப் பாடம் அதுதான். கார்ட் எல்லாம் அப்புறம்.

இனி கட்டைவிரல்.

என் மாஸ்டர் சர்ச் கொயரிலும் மெல்லிசைக் குழுக்களிலும் வாசித்தவர். எஃப் மேஜர் கார்டை முழு பாராக, அதாவது ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே ஆறு தந்தியையும் அமுக்கிப் பிடிக்கச் சொல்வார். பிடித்ததும் என் கட்டைவிரலுக்கும் நெக்குக்கும் நடுவில் ஒரு பஸ் டிக்கெட்டைச் செருகுவார். "வாசி" என்பார். வாசித்துக்கொண்டிருக்கும்போதே டிக்கெட்டை இழுப்பார். வழுக்கிக்கொண்டு வந்தால் அடுத்த பாடம். கிழிந்து பாதி அவர் கையில் வந்தால், "அழுத்துறே தம்பி. கட்டைவிரலுக்கு வேலை இல்லை. மறுபடி பிடி." திட்ட மாட்டார், விளக்கவும் மாட்டார். சட்டைப் பையில் எப்போதும் அடுத்த டிக்கெட் இருக்கும்.

அழுத்தாமல் ஆறு தந்தியும் எப்படிப் பேசும் என்று கேட்கலாம். வலது முன்கை கிட்டாரின் மேல்விளிம்பில் படுத்திருக்கிறது. அதன் பாரம் கிட்டாரை மார்போடு அணைத்து நிறுத்துகிறது. இடது முழங்கை தளர்ந்து தொங்கினால், அந்தக் கையின் எடையே விரல்களைப் பின்பக்கமாக இழுத்துத் தந்தியில் பதிக்கும். ஆள்காட்டி விரலைத் தட்டையாக வைக்காமல், கட்டைவிரல் பக்கமாகச் சற்றே உருட்டி, எலும்பு ஓடும் ஓரத்தால், ஃப்ரெட் கம்பியை ஒட்டிப் படுக்க வைக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் கட்டைவிரலை நெக்கிலிருந்து எடுத்துவிட்டு வாசித்துப் பாருங்கள். வரும். எஃப் மட்டும் ஏன் இவ்வளவு முரண்டு பிடிக்கிறது என்றால், நெக்கின் தலைப்பக்கம் தந்திகள் தொடங்கும் நட்டுக்குப் பக்கத்தில் தந்தி விறைப்பாக இருக்கும். அதனால் நான் பாரை ஐந்தாம் ஃப்ரெட்டில் தொடங்கி, ஒவ்வொன்றாகக் கீழே இறக்கிக்கொண்டு வருவேன்.

கட்டைவிரலை இறுக்கினால் அதன் அடிச்சதை கல்லாகிவிடும். மணிக்கட்டு மடங்கும். விரல் நரம்பு என்று நாம் சொல்கிற தசைநார்கள் அங்கே குறுகலான ஒரு வழியாகத்தான் போகின்றன. மடங்கிய மணிக்கட்டில் அவை உரசி உரசி வலியில் கொண்டுவிடும். வலி வருவதற்கு முன்பே தாளம் போய்விடும். இறுகிய கை முதலில் விட வேண்டும், பிறகு நகர வேண்டும், பிறகு பிடிக்க வேண்டும். ஒவ்வொரு கார்ட் மாறும்போதும் பாட்டு ஒரு கணம் நின்று நின்று போகிறதே, காரணம் இதுதான். "இன்னும் பிராக்டிஸ் பண்ணு" என்று சொல்லி அனுப்புகிறார்கள். இறுக்கத்தையே பிராக்டிஸ் பண்ணி என்ன பயன்?

உடனே ஹெண்ட்ரிக்ஸைக் கொண்டுவருவார்கள். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் கட்டைவிரலை மேலே வளைத்து ஆறாம் தந்தியைப் பிடித்தது உண்மை. அவருக்கு நீண்ட கைகள். அந்த விரலை ஒரு ஸ்வரம் வாசிக்கப் பயன்படுத்தினார். நெக்கைப் பற்றிக்கொண்டு தொங்க அல்ல.

இப்போது வருகிற பிள்ளைகளைப் பார்க்கிறேன். எட்டு வயதுக் குழந்தைக்குப் பெரியவர்கள் வாசிக்கிற எஃகுத் தந்தி கிட்டாரை வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். அதன் மேல் கை போட வலது தோள் காது வரைக்கும் ஏறுகிறது. முக்கால் அளவில் நைலான் தந்தி கிட்டார் கிடைக்கும் என்று கடையில் யாரும் சொல்லவில்லை. ஃபோனைக் கட்டிலில் சாய்த்து வைத்து, குனிந்து, தந்தி கண்ணுக்குத் தெரிவதற்காகக் கிட்டாரையே வானம் பார்க்கத் திருப்பிக்கொள்கிறார்கள். அப்படித் திருப்பினால் இடது மணிக்கட்டு மடங்காமல் என்ன செய்யும்? எஃப் வரவில்லையா, தந்திகளை அமுக்கிப் பிடிக்கும் கவ்வியான கேப்போவைப் போட்டுக்கொள் என்கிறது காணொளி. இரண்டாம் வாரத்திலேயே 'இளைய நிலா' வேண்டும். 1982இல் வந்த அந்தப் பாட்டின் கிட்டார் காதில் சுலபமாக விழும். ஆனால் அது விட்டுப் பிடிக்கத் தெரிந்த கைக்குத்தான் வரும்.

நான்காம் கிரேடு முடித்துவிட்டேன் என்று வேறு இடங்களிலிருந்து வந்தவர்களுக்கும் டிக்கெட் வைத்துப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் கிழியும். முதல் நாளிலிருந்து கற்கும் பிள்ளையை விட இவர்களைத் திருத்த அதிக நாள் ஆகும். பழைய பிடி உள்ளே ஊறிப்போயிருக்கும். கார்டை எல்லாம் விட்டுவிட்டு, ஐந்தாம் ஃப்ரெட்டில் ஒற்றை விரலை வைத்துத் தொடங்கச் சொன்னால் முகம் சுருங்கும். சான்றிதழை எடுத்துக் காட்டியவர்கள் உண்டு. சிலர் அடுத்த வாரமே வரவில்லை. ஃபீஸைத் திருப்பிக் கேட்டவர்களுக்குக் கொடுத்து அனுப்பினேன். டிக்கெட் வைப்பதை மட்டும் நிறுத்தவில்லை.