ராத்திரி எப்படித் தூங்குறான்?

காஞ்சிபுரத்தின் நெசவாளர் பகுதியான பிள்ளையார்பாளையத்தில் குழந்தைக்குத் தூக்கம் சரியில்லை என்று சொல்லிக்கொண்டு மருத்துவரிடம் வருபவர்கள் அபூர்வம். எட்டு வயதாகியும் பாயை நனைக்கிறான், வகுப்பில் ஓரிடத்தில் உட்கார மாட்டேன் என்கிறான், எவ்வளவு சாப்பிட்டும் உடம்பு தேறவில்லை என்றுதான் வருவார்கள். பகலின் புகாரைக் கேட்டுவிட்டு இரவைப் பற்றி விசாரிப்பதுதான் குழந்தை மருத்துவரின் கைப்பக்குவம்.

"ஏம்மா, தூங்கும்போது குறட்டை விடுறானா?"

"ஆமாங்க டாக்டர், அவங்க தாத்தா மாதிரியே. நல்லா அசந்து தூங்குவான்."

குறட்டை விட்டால் நல்ல தூக்கம் என்றே பல வீடுகளில் நினைக்கிறார்கள். அதனால் அனுபவப்பட்ட மருத்துவர், பிள்ளை தூங்கும்போது சட்டையைக் கழற்றிவிட்டு, முகமும் நெஞ்சும் தெரியும்படி செல்போனில் இரண்டு நிமிடம் வீடியோ எடுத்துவரச் சொல்வார். வாய் திறந்திருக்கும். கழுத்து பின்னால் வளைந்திருக்கும். மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழும். திடீரென்று சத்தம் நிற்கும். நெஞ்சு மட்டும் ஏறி இறங்கும். பிறகு ஒரு திணறலோடு மூச்சு திரும்பும். அந்தத் திணறலைத் திரையில் பார்த்த பிறகு எந்தத் தாயும் அதை நல்ல தூக்கம் என்று சொல்வதில்லை.

பெரும்பாலும் டான்சிலும், மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையும் பெருத்து மூச்சுப்பாதையை அடைப்பதுதான் காரணம். ஒவ்வொரு அடைப்புக்கும் மூளை அரைகுறையாக விழித்துக்கொள்கிறது. தூக்கம் கெட்டால் பெரியவர்கள் பகலில் சோர்ந்து விழுவார்கள். சிறுபிள்ளைகள் பலர் கட்டுக்கடங்காமல் ஆடுவார்கள், அடங்காப்பிள்ளை என்று பெயரும் வாங்குவார்கள். கவனிக்காமல் விட்டால் வளர்ச்சியும் ரத்த அழுத்தமும்கூடப் பாதிக்கப்படலாம். அமெரிக்காவில் 464 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2013 இல் வெளியான ஆய்வில், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் 79 சதவீதம் பேருக்கு ஏழு மாதங்களில் தூக்கப் பரிசோதனை முடிவு சீரானது. காத்திருந்தவர்களிலும் 46 சதவீதம் பேருக்குத் தானாகவே சீரானது. ஆகவே யாருக்கு அறுவை, யாருக்குக் காத்திருப்பு என்று ஒவ்வொரு பிள்ளையாகப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

இரவுத் தொல்லை குறட்டை மட்டுமல்ல. நடுராத்திரியில் அலறும் பிள்ளைக்குத் திருநீறு மந்திரித்துப் போட்டுவிட்டுத்தான் வருவார்கள். அதில் தவறில்லை. தூங்கிய இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் அலறி, காலையில் எதுவும் நினைவில்லை என்றால் அது பெரும்பாலும் வளர வளர விட்டுப்போகும். தூக்கத்தில் கால்களை உதைத்து உதைத்துப் புரளும் பிள்ளைக்கு இரும்புச்சத்தைப் பார்த்துவிட வேண்டும்.

அறிவுரையும் வீட்டுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். நெசவாளர் வீட்டில் கூடத்தில் குழித்தறி, மீதி இடத்தில்தான் பாய். முகூர்த்த நாள் நெருங்கினால் இரவிலும் தறி ஓடும். அந்த வீட்டில் போய்த் தனியறை வேண்டும் என்றால் என்ன பயன்? டியூப்லைட்டை அணைத்துவிட்டுத் தறிக்கு மட்டும் தாழ்வாக ஒரு விளக்கு, முகத்தில் வெளிச்சம் படாத பக்கம் பாய், தினமும் ஒரே நேரத்தில் படுக்கை. இவ்வளவு முடியும்.

இந்தத் தறிகளில் ஒருகாலத்தில், சேலையின் கரையை உடலோடு இணைக்கும் கோர்வை நெசவுக்குக் கைகொடுத்தவர்கள் சிறுவர்கள். பட்டுத் தொழிலில் கொத்தடிமைப்பட்ட பிள்ளைகள் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003 இல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. இன்று நெசவாளர்கள் தங்கள் பிள்ளைகளைத் தறியில் உட்காரவிடாமல் படிக்க அனுப்புகிறார்கள். அந்தப் படிப்புக்காகவே இப்போது தூக்கம் பறிபோகிறது.

வளரிளம் பருவத்தில் மெலடோனின் சுரக்கும் நேரம் இரண்டு மணி நேரம் வரை தள்ளிப்போகும். பதினொரு மணிக்கு முன் தூக்கம் வராத பிளஸ் டூ மாணவியை நாலு மணிக்குப் படிக்க எழுப்பினால் கிடைப்பது ஐந்து மணி நேரம். 13 முதல் 18 வயது வரை தேவைப்படுவதோ 8 முதல் 10 மணி நேரம். இதை உணர்ந்துதான் கலிபோர்னியாவில் உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30க்கு முன் தொடங்கக் கூடாது என்ற சட்டம் 2022 இல் நடைமுறைக்கு வந்தது. இங்கே அவ்வளவு தூரம் போகும்வரை காத்திருக்க வேண்டாம். பள்ளி மருத்துவ முகாமில் எடை, உயரம், கண், பல் பார்க்கும்போதே குறட்டை உண்டா, எத்தனை மணிக்குப் படுக்கிறாய், எத்தனை மணிக்கு எழுப்புகிறார்கள் என்ற மூன்று கேள்விகளையும் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். செலவில்லை, கருவியும் தேவையில்லை.